புற்றுநோய் ஆய்வகங்களில் வடசென்னை மாணவர்களுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும், அரசுப் பள்ளிகளிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் படித்து உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவர்களின் பேட்டிகளைத் தங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிட்டு வருகிறது. அவர்களில் பலர் மருத்துவராக வேண்டும் என்கிறார்கள். சிலர் ஆட்சிப் பணிக்குச் செல்ல வேண்டும் என்கிறார்கள். புற்றுநோய் ஏன் வருகிறது என்று ஆராயப் போகிறேன் என்று சொன்ன ஒருவரையும் அந்தப் பேட்டிகளில் நான் கண்டதில்லை. வடசென்னையில் நெடுங்காலம் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை என்ற முறையில், அந்த ஆர்வம் எங்கள் பிள்ளைகளிடம் உண்டு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். செல் பிரிதல் பாடம் நடத்தும் நாளில், பிரிவது நிற்காமலே போனால் என்ன ஆகும் என்று கேட்கும் பிள்ளைகள் எல்லா ஆண்டும் இருந்தார்கள். அவர்களில் சிலர் வீட்டில் ஒருவரை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவர்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையை ஓர் ஆய்வகத்தின் வாசல் வரை அழைத்துச் செல்ல ஆளும் இல்லை, ஏற்பாடும் இல்லை. அதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்னையில் புற்றுநோய் குறித்த ஆய்வு நடைபெறும் இடங்களில் பெரும்பாலானவை நகரின் தென்பகுதியில் இருக்கின்றன. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்டு, 1955-இல் அங்கே பணியில் சேர்ந்து 2021-இல் மறையும் வரை அதையே வாழ்வாகக் கொண்ட டாக்டர் சாந்தா அவர்களால் வளர்க்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை அடையாற்றில் உள்ளது. இந்திய மார்பகப் புற்றுநோயாளிகளின் மரபணுத் தரவுத் தொகுப்பை 2025 பிப்ரவரியில் வெளியிட்ட ஐஐடி கிண்டியில் உள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறைகள் கிண்டியிலும், அடிப்படை மருத்துவ அறிவியலுக்கான அதன் முதுநிலை நிலையம் தரமணியிலும் இருக்கின்றன. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் எங்கள் பகுதியின் பங்குக்குத் துறைமுகமும், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், அனல் மின் நிலையங்களும், கொடுங்கையூர் குப்பைக் கிடங்கும் கிடைத்திருக்கின்றன. 1938 முதல் மருத்துவக் கல்லூரியாக விளங்கும் ஸ்டான்லி எங்களிடம் இருப்பது பெரும் பேறு. அதைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்துவிட்டதால் இனித் தொலைவு ஒரு தடையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். போய்வர நாளொன்றுக்கு நூறு ரூபாயை நெருங்கும் பயணத்தை, ஊதியமில்லாத இரண்டு மாதப் பயிற்சிக்காக மேற்கொள்வது, காசிமேட்டில் ஐஸ் உடைத்துப் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு இயலுமா என்று அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏழை மக்கள் மருத்துவ ஆய்வுக்குப் புதியவர்கள் அல்லர். காசநோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், வீட்டிலிருந்தபடியே மருந்து எடுத்துக்கொண்டாலும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணம் கிடைக்கும் என்பதை, 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் 1959-இல் நிறுவிக் காட்டியது. உலகின் காசநோய்ச் சிகிச்சை முறையையே மாற்றிய அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள், நெரிசலான வீடுகளில் குறைந்த உணவோடு வாழ்ந்த இந்நகரத்து ஏழைகள். புற்றுநோயிலும் அப்படித்தான். கருப்பை வாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவிக் கண்ணால் பார்த்தே நோயின் தொடக்க நிலையைக் கண்டறியும் எளிய முறை, அந்நோயால் நேரும் இறப்பை 35 விழுக்காடு வரை குறைக்கும் என்பது திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமப் பெண்களிடம் நடந்த ஆய்வின் வழியே 2007-இல் உலகுக்குத் தெரிந்தது. ஆய்வுக்குத் தம் உடலையும் நேரத்தையும் நம்பிக்கையையும் கொடுத்த இந்த மக்களின் பேரப்பிள்ளைகள், அந்த ஆய்வை நடத்தும் மேசைக்கு மறுபக்கத்தில் உட்கார்வதற்கு இன்னும் எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டும்?

எண்ணூரிலும் மணலியிலும் வாழும் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எங்கள் தெருவில் இத்தனை பேருக்குப் புற்றுநோய் வருவது இங்குள்ள காற்றாலா, தண்ணீராலா, புகையிலையாலா, அல்லது தற்செயலா என்பதே அது. வெளிப்புறக் காற்று மாசு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் வகைப்படுத்தியது. ஆனால் ஒரு குறிப்பிட்ட தெருவில் ஒரு குறிப்பிட்ட ஆலையால் நோய் வந்தது என்பதை ஊகத்தால் சொல்லிவிட முடியாது, சொல்லவும் கூடாது. சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடு 1982 முதல் தொடர்ந்து பராமரிக்கப்பட்டு வருகிறது. அதன் பணியாளர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சேர்க்கிறார்கள். அந்தத் தரவை முகவரியோடும் தொழிலோடும் குடியிருந்த ஆண்டுகளோடும் பொருத்திப் பார்ப்பதற்கு நோய்ப்பரவலியலும் புள்ளியியலும் கற்ற ஆய்வாளர் வேண்டும். ஆலை ஒப்பந்தத் தொழிலாளி எந்தக் கொட்டகையில் எத்தனை மணி நேரம் நிற்கிறார், மீனவர் குடும்பம் கழிமுகத்தில் எந்த மாதங்களில் இறங்கி வேலை செய்கிறது, எந்த ஆண்டில் எந்தக் குடிசைப் பகுதி அகற்றப்பட்டு மக்கள் எங்கே குடியேற்றப்பட்டார்கள் என்பதையெல்லாம் கேட்காமலே அறிந்த ஒருவர் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தால், மக்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயாரிக்கும் நாளிலேயே ஆய்வின் தரம் உயரும். இதை நான் ஒரு சலுகையாகக் கேட்கவில்லை; ஆய்வுக்கே அது தேவை.

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் வகைக்கு, முதற்கட்டச் சிகிச்சைக்குப் பின் நீண்ட காலம் இரண்டு மருந்துகளைத் தருகிறார்கள். நாள்தோறும் தருவது மெர்காப்டோபியூரின். வாரம் ஒருமுறை தருவது மெத்தோட்ரெக்சேட். இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன என்பதை நான் என் மாணவர்களுக்கு மறக்காமல் சொல்வதுண்டு, ஏனெனில் இரண்டின் பின்னாலும் வசதியற்ற வீட்டிலிருந்து வந்த ஒருவர் இருக்கிறார்.

எல்லப்ரகட சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். பள்ளியிறுதித் தேர்வில் இரண்டு முறை தவறி, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறை தேறியவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் படிப்பைத் தொடர முடிந்தது நண்பர்கள் செய்த உதவியாலும், பின்னர் மாமனாரானவர் கொடுத்த பணத்தாலும்தான். கதர் உடுத்தி வந்ததால் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழுடன் வெளியேறியவர் அவர். அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் அவருடைய குழு உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொண்டுதான், பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளிடம் நோய் தற்காலிகமாகப் பின்வாங்குவதை 1948-இல் உலகுக்கு அறிவித்தார். மெத்தோட்ரெக்சேட் அதே குழுவிலிருந்து வந்த அதன் உடன்பிறப்பு.

கெர்ட்ரூட் எலியன் 1918-இல் நியூயார்க்கில் குடியேறிகளின் மகளாகப் பிறந்தவர். பதினைந்து வயதில் தம் தாத்தாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். பங்குச் சந்தை வீழ்ச்சியில் தந்தை பொருளை இழந்திருந்ததால், கட்டணம் வாங்காத ஹன்டர் கல்லூரியில் படித்தார். முதல் வகுப்பில் தேறியும், பெண் என்பதால் எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு ஆய்வு உதவித்தொகை தரவில்லை. ஓர் ஆய்வகத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்தார். பகலில் பள்ளியில் கற்பித்துக்கொண்டு இரவிலும் விடுமுறை நாள்களிலும் முதுகலை ஆய்வை முடித்தார். 1944-இல் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் என்ற மூத்த விஞ்ஞானி அவரைத் தம் ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்டு, உதவியாளராகவே வைத்திராமல் படிப்படியாகப் பெரிய பொறுப்புகளை ஒப்படைத்தார். மெர்காப்டோபியூரின் அந்த ஆய்வகத்தில் பிறந்தது. முனைவர் பட்டத்தை முடிக்க வழியில்லாமலே போன எலியன், 1988-இல் ஹிட்சிங்ஸுடன் நோபல் பரிசு பெற்றார்.

இருவருக்கும் அறிவும் உழைப்பும் இருந்தன என்பதில் ஐயமில்லை. அவற்றோடு, ஒருவருக்குப் படிப்புச் செலவைத் தாங்கிய சிலர் கிடைத்தார்கள். மற்றவருக்குக் கட்டணமில்லாக் கல்லூரியும், நம்பிப் பொறுப்புக் கொடுத்த ஒரு மூத்தவரும் கிடைத்தார்கள். அப்படி ஒருவரும் கிடைக்காமல் திரும்பிப் போனவர்களின் வரலாற்றை யாரும் எழுதுவதில்லை. கிடைப்பதைத் தற்செயலுக்கு விடாமல் ஓர் ஏற்பாடாக ஆக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கையின் சாரம்.

அதே மெர்காப்டோபியூரின் மாத்திரையில் இன்னொரு செய்தியும் உண்டு. சிலருடைய உடல் அம்மருந்தை உடைத்து வெளியேற்றத் தவறுவதால், வழக்கமான அளவே அவர்களின் ரத்த அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். இதற்குக் காரணமான டிபிஎம்டி என்ற மரபணுவின் மாற்றம் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நன்கு ஆராயப்பட்டு, நீண்ட காலமாக எல்லோருக்கும் அதையே சோதித்து வந்தார்கள். ஆசியர்களிடம் அந்த மாற்றம் அரிதாக இருந்தும் மருந்தின் நச்சு விளைவு மட்டும் மிகுதியாக இருந்ததற்கான காரணம், என்யுடிடி15 என்ற வேறொரு மரபணுவில் இருப்பது 2014-இல்தான் வெளிப்பட்டது; அதைக் கண்டறிந்தவர்கள் கொரிய நோயாளிகளை ஆராய்ந்த குழுவினர். இந்தியரிடமும் முதலாவதைவிட இரண்டாவது மாற்றமே பரவலாக உள்ளது. யாருடைய உடல் ஆராயப்படுகிறது, யார் ஆராய்கிறார் என்பவற்றைப் பொறுத்து ஒரு குழந்தைக்குத் தரும் மாத்திரையின் அளவே மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவை மென்று வாய்ப்புண்ணோடு ஸ்டான்லிக்கு வரும் எங்கள் பகுதி இளைஞர்களின் கன்னத்திலும் ஈற்றிலும் தோன்றும் புற்றும் அப்படிப்பட்டதே. மேலைநாடுகளில் அரிதாக இருக்கும் அந்த வகையின் மரபணு மாற்றங்களை, பன்னாட்டுப் புற்றுநோய் மரபணுக் கூட்டமைப்பில் இந்தியக் குழு எடுத்துக்கொண்டு 2013-இல் வெளியிட்டது. நாம் ஆராயாவிட்டால் பிறர் ஆராயக் காத்திருக்கும் நோய் அல்ல அது.

இனி எங்கள் பிள்ளைகளின் நடைமுறை நிலையைச் சொல்கிறேன். பாரதி மகளிர் கல்லூரியிலோ, சர் தியாகராயா கல்லூரியிலோ, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலோ விலங்கியலோ வேதியியலோ படித்து முடிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, அடுத்த மாதமே வீட்டுக்குப் பணம் கொண்டுவர வேண்டிய கட்டாயம் இருக்கிறது. மருத்துவக் கோடிங் நிறுவனங்களும் கால் சென்டர்களும் மருந்துக் கடைகளும் அவர்களை உடனே எடுத்துக்கொள்கின்றன. முதுகலைக்குப் போனவர்களுக்கு இறுதிப் பருவத்தில் ஆய்வுத் திட்டம் ஒன்று செய்ய வேண்டியிருக்கும். நல்ல ஆய்வகத்தில் இடம் பிடிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லாததால், கட்டணம் வாங்கிக்கொண்டு சில வாரங்களில் ஆயத்த முடிவுகளையும் அச்சிட்ட அறிக்கையையும் கொடுத்துவிடும் தனியார் மையங்களுக்குப் பலர் போகிறார்கள். நகையை அடகு வைத்து அந்தக் கட்டணத்தைக் கட்டிய தாய்மாரை நான் அறிவேன். அந்தப் பிள்ளைகள் ஒரு சோதனை தோற்றுப்போவதையோ, ஏன் தோற்றது என்று தேடுவதையோ ஒருநாளும் பார்க்காமலே ஆய்வு முடித்தவர்களாகிறார்கள். அதையும் தாண்டி வந்தால், மாதம் 37,000 ரூபாய் ஆய்வு உதவித்தொகைக்கு வழிவிடும் அறிவியல் நெட் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே தரப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த மாணவருக்கு அது இரட்டைத் தேர்வு. மருத்துவ மாணவர்களுக்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் குறுகிய கால ஆய்வு உதவித் திட்டத்தில் பி.எஸ்சி. மாணவருக்கு இடமில்லை.

பணம் முதல் தடை. அது நீங்கினாலும் எஞ்சி நிற்பது, இந்த உலகம் எப்படி இயங்குகிறது என்று சொல்லித்தர ஆளில்லாமை. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாமாவோ அத்தையோ சொல்லிவிடும் செய்திகள் எங்கள் பிள்ளைக்கு இரகசியங்கள். முன்பின் தெரியாத ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதிப் பயிற்சி கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதலாம், அது அவமரியாதை ஆகாது என்பதும் தெரியாது. பரிந்துரைக் கடிதம் தர ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதும், ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து வரிசையாகப் படிக்காமல் படங்களையும் அட்டவணைகளையும் முதலில் பார்த்துப் பழகலாம் என்பதும், ஆய்வகக் கூட்டத்தில் புரியவில்லை என்று சொல்வது குற்றமில்லை என்பதும் யாராவது சொன்னால்தான் தெரியும். என் மாணவி ஒருத்தி, கொருக்குப்பேட்டையிலிருந்து சென்று முதுகலையில் சிறப்பாகத் தேறி, ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் நின்றபோது யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை; அவள் பேசும் தமிழையும் வரும் இடத்தையும் உடன் இருந்தவர்கள் கிண்டல் செய்தபோது யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில் விலகிவிட்டாள். அங்கே அவளுக்கு மேலே மூன்று ஆண்டு மூத்த ஒருவர், அவளைப் போலவே வந்த ஒருவர், இருந்திருந்தால் அவள் இன்று ஆய்வாளராக இருந்திருப்பாள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதை வேறு நாடுகள் எதிர்கொண்ட விதம் நமக்குப் பயன்படும். அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1988-இல் தொடங்கப்பட்ட மேயர்ஹாஃப் திட்டம், அறிவியலில் மிகக் குறைவாக இருந்த கறுப்பின மாணவர்களை முனைவர் பட்டம் வரை கொண்டுசெல்லும் நோக்கத்தோடு வந்தது. கல்லூரி தொடங்குமுன்பே கோடையில் ஆயத்த வகுப்பு, குழுவாகப் படிக்கும் பழக்கம், முதல் ஆண்டுகளிலேயே உண்மையான ஆய்வகத்தில் வேலை, செலவுக்குப் பணம், விடாமல் பின்தொடரும் வழிகாட்டிகள் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொடுத்தார்கள். கொரோனா தடுப்பூசி உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றிய கிஸ்மெகியா கார்பெட் அத்திட்டத்தில் படித்தவர். அந்நாட்டின் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் 1990-களின் இறுதியிலிருந்து, உயர்நிலைப் பள்ளி மாணவர் முதல் இளம் ஆய்வாளர் வரை படிக்குப் படி தொடரும் பயிற்சித் திட்டத்தை நடத்தியது. 2025-இல் அங்கே அரசின் கொள்கை மாறியபோது இத்தகைய பல திட்டங்களுக்கான நிதி நிறுத்தப்பட்டது மிகுந்த வருத்தத்துக்குரியது. நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்கும் ஏற்பாடு ஒரே உத்தரவில் போய்விடும் என்பதால், இங்கே அமைப்பதைச் சட்டத்தின் துணையோடும் நிலையான நிதி ஒதுக்கீட்டோடும் அமைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

தமிழ்நாட்டுக்கு இது கடினமான செயல் அல்ல. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தபோது, நாங்கள் கனவிலும் நினைக்காத வீடுகளிலிருந்து மருத்துவ மாணவர்கள் புறப்பட்டார்கள். புதுமைப் பெண் திட்டமும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாயைப் பிள்ளைகளின் கணக்கில் சேர்க்கின்றன. நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சி தருகிறது. இவற்றின் மேல் ஒரு மாடி எழுப்பினால் போதும்.

ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியை மையமாக வைத்து, வடசென்னைக் கல்லூரிகளின் அறிவியல் மாணவர்களுக்கும், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், பெரம்பூர், புளியந்தோப்பு வட்டாரத்து அரசு, மாநகராட்சிப் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கும் புற்றுநோய் ஆய்வுப் பயிற்சி ஒன்றை அரசு தொடங்க வேண்டும். இரைப்பை, குடல், கல்லீரல் அறுவைச் சிகிச்சையில் பெயர் பெற்ற அம்மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறைக்கு நாள்தோறும் திசுக்கள் வருகின்றன. வெட்டியெடுத்த ஒரு துண்டுச் சதை ஃபார்மலினில் ஊறி, பாரஃபின் மெழுகில் பதிந்து, மைக்ரோடோம் கத்தியில் ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்குத் தடிமனுக்குச் சீவப்பட்டு, சாயமேற்றப்பட்டு, நுண்ணோக்கியின் கீழ் நோயாக அடையாளம் காணப்படும் வழியை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தன் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த ஸ்லைடு பிசகினால் நோய் கண்டறிவதே பிசகும் என்பதையும், அதைச் செய்யும் தொழில்நுட்பரின் கை எவ்வளவு முக்கியமானது என்பதையும் அங்கேதான் உணர முடியும். ஆய்வு என்றால் முனைவர் பட்டம் பெற்ற விஞ்ஞானி மட்டும்தான் என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். திசுத் தொழில்நுட்பர், பதிவேட்டுப் பணியாளர், புள்ளியியலாளர், கதிர்வீச்சு அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர், மருந்துப் பரிசோதனை ஒருங்கிணைப்பாளர், மரபணுத் தரவைக் கணினியில் அலசுபவர் என்று நல்ல ஊதியமுள்ள வேலைகள் பல அதைச் சூழ்ந்திருக்கின்றன. பெற்றோரையும் ஒருநாள் அழைத்து வந்து இவற்றைக் காட்ட வேண்டும். மகளை மூன்று ஆண்டு கூடுதலாகப் படிக்க வைக்க ஒப்புக்கொள்ளப் போகிறவர்கள் அவர்கள்தான்.

பயிற்சிக்காலம் முழுவதும் உதவித்தொகை தர வேண்டும். இதில் நான் எந்தச் சமரசத்தையும் ஏற்கமாட்டேன். கோடை விடுமுறையில் துணிக்கடையிலோ உணவு விநியோகத்திலோ ஈட்டும் தொகைக்குக் குறையாமல் கொடுத்தால்தான், வருகிற பிள்ளை குற்ற உணர்வில்லாமல் ஆய்வகத்தில் நிற்கும். ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு வழிகாட்டிகள் வேண்டும். ஒருவர் ஆய்வில் தேர்ந்தவர்; மற்றவர் இதே தெருக்களிலிருந்து சில ஆண்டு முன்னால் போனவர். அவர்கள் குறைந்தது ஐந்து ஆண்டுக்கு அந்த மாணவரின் பொறுப்பை ஏற்க வேண்டும். அந்தப் பணிக்காக ஆசிரியர்களுக்குப் பணிநேரத்தில் கணக்கும் பதவி உயர்வில் மதிப்பும் தர வேண்டும், இல்லாவிட்டால் முதல் ஆண்டோடு ஆர்வம் வற்றிவிடும். கலந்துரையாடல் தமிழிலும், எழுதும் பயிற்சி ஆங்கிலத்திலும் இருக்கட்டும். ஒரு கருத்தைத் தன் மொழியில் தெளிவாகச் சொல்லிவிட்டவர் அதைப் பிறகு ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொள்வார் என்பதை என் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். வழிகாட்டி என்ற பெயரில் பிள்ளைகளைக் குடுவை கழுவவும் பைல் தூக்கவும் வைத்திருக்கும் பழக்கத்துக்கு இடங்கொடுக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் சிறியதானாலும் தனக்கென ஒரு கேள்வி, தனக்கென ஓர் ஆய்வுக் குறிப்பேடு இருக்க வேண்டும்.

இப்படிச் செய்தால் தகுதி குறைந்துவிடும் என்று ஒரு சிலர் சொல்வார்கள். தகுதியை அளக்கும் முறையே வாய்ப்பைப் பெற்றவர்களுக்கு ஏற்ப அமைந்திருக்கும்போது இந்த வாதம் எப்படிப் பொருந்தும்? பிளஸ் டூவிலேயே ஆய்வகம் பார்த்து, கல்லூரி முதலாண்டிலேயே உறவினர் வழியாகப் பயிற்சி பெற்ற மாணவரின் விண்ணப்பம் கனமாக இருப்பது இயல்பு. மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் பட்டியலினத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிய ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பதை நாடாளுமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. மேலே ஆளில்லாததால் கீழே வழிகாட்டி இல்லை. வழிகாட்டி இல்லாததால் மேலே ஆள் வருவதில்லை. துப்புரவுப் பணியாளர், மீனவர், தோல் பதனிடும் தொழிலாளி, சுமை தூக்குவோர் ஆகியோரின் பிள்ளைகள் இந்தச் சுற்றுக்கு வெளியே நிற்கிறார்கள். இந்தியாவில் 2022-இல் மட்டும் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகவும், 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நோயால் இறந்ததாகவும் உலக அளவிலான மதிப்பீடு சொல்கிறது. இத்தனை பெரிய வேலைக்கு இருக்கிற ஆள்கள் போதும் என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை.

அரசு செய்ய வேண்டியதற்குக் காலம் பிடிக்கும். தங்கள் நாளிதழ் இப்போதே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அறிவியல் நிறுவனங்களின் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் காலம் பெரும்பாலும் அதற்கு முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே தொடங்கி விரைவில் முடிந்துவிடுகிறது. அறிவிப்புகள் ஆங்கிலத்தில், அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் மட்டும் வருகின்றன. எங்கள் மாணவர்கள் மார்ச்சில் தேடத் தொடங்கும்போது எல்லாக் கதவும் மூடியிருக்கிறது. நீட், நெட் தேர்வு அறிவிப்புகளைக் கல்விப் பக்கத்தில் வெளியிடுவது போல, இந்தப் பயிற்சிகளின் பெயர், தகுதி, உதவித்தொகை, தங்கும் வசதி உண்டா இல்லையா, கடைசி நாள் ஆகியவற்றை அக்டோபர் முதல் ஜனவரி வரை வாரந்தோறும் தமிழில் வெளியிடுமாறு வேண்டுகிறேன். தகவல்களைத் தொகுத்துத் தர ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை